ரஜூலா கப்பல் எரிந்து போனதா? இப்போது எங்கே இருக்கிறது?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா என்ற சொகுசுக் கப்பலில் ஏறி மலாயா போனாராம். அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்து எரிந்துவிட்டது என்கிறார்கள். குஜராத்தில் ஆலங் கரையில் இன்னும் நிற்கிறது என்றும் சொல்கிறார்கள். எது உண்மை? போய்ப் பார்க்க முடியுமா?"

இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ரஜூலா எப்படிப்பட்ட கப்பல், அதன் முடிவு என்ன, எரிந்த கப்பல் எது. மூன்றையும் ஒரே கதையாகச் சேர்த்துச் சொல்வது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. என் மாமனார் வீட்டிலேயே இரண்டு கப்பலை ஒன்றாக்கித்தான் பேசுவார்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் சரக்குக் கப்பல்களின் என்ஜின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் நாகைக்கு மேற்கே. ரஜூலாவில் நான் ஏறியதில்லை. சின்னப் பையனாக இருந்தபோது கடற்கரையில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆகவே கீழே எழுதுவதில் கப்பலின் பிறப்பும் இறப்பும் பதிவேட்டுச் செய்தி. கரையில் நடந்தவற்றில் கொஞ்சம், தோணித்துறையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த என் சித்தப்பா வாயால் கேட்டது. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

சுருக்கமாகப் பதில் வேண்டுமென்றால்: ரஜூலா எரியவில்லை, ஆலங்குக்கும் போகவில்லை. 1974-ல் பம்பாயில் உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள். தீப்பிடித்தது அதற்குப் பின்னால் அதே தடத்தில் ஓடிய எம்.வி. சிதம்பரம், 1985-ல்.

இனி விவரம். ரஜூலா 1926-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பார்க்லே கர்ல் என்ற கட்டுமானத் தளத்தில் கட்டப்பட்ட நீராவிக் கப்பல். சொந்தக்காரர்கள் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. துறைமுகத்துக்காரர்கள் சுருக்கமாக 'பி.ஐ.' என்பார்கள். கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை இருந்தால் அது பி.ஐ. கப்பல். கரையிலிருந்து பார்த்த எனக்கும் நினைவில் நிற்பது அந்தப் பட்டைதான். கம்பெனி தன் கப்பல்களுக்கு 'ஆ' ஓசையில் முடியும் பெயர்களாகத் தேடித் தேடி வைத்தது, அதிலும் நம் நாட்டு ஊர்ப்பெயர்கள் நிறைய. குஜராத்தில் ராஜுலா என்று ஓர் ஊர் இருக்கிறது. இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு யாரோ வெள்ளைக்காரி பெயர் என்று நினைத்தவர்கள் உண்டு.

அளவு 8,478 டன். இந்த டன் எடைக் கணக்கில்லை. கப்பலின் உள்ளறைகளின் கொள்ளளவை நூறு கன அடிக்கு ஒரு டன் என்று அளக்கும் பழைய கணக்கு. டைட்டானிக் இதே கணக்கில் 46,000 டன்னுக்கு மேல். அதாவது ரஜூலா அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. டைட்டானிக் தன் ஒரே பயணத்தில் ஏற்றிப்போனது ஊழியர்களையும் சேர்த்துச் சுமார் 2,200 பேரை. ரஜூலாவுக்கு ஆரம்பத்தில் கொடுத்த உரிமத்தில், கேபின் இல்லாமல் தளத்தில் பாய் விரித்துப் போகும் டெக் பயணிகள் மட்டும் 5,000-க்கும் மேல். உரிமம் என்பது உச்சவரம்பு, ஒவ்வொரு நடையிலும் அத்தனை பேர் போனார்கள் என்று அர்த்தமில்லை. பிற்காலத்தில் அந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தும் விட்டார்கள். ஆனாலும் ஐயாயிரம் என்ற எண்ணைக் காகிதத்தில் எழுதி முத்திரை குத்தத் துணிந்தார்கள் என்பதே அந்தக் கப்பல் எதற்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லிவிடும்.

அதனால்தான் 'சொகுசுக் கப்பல்' என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. இன்றைக்கு க்ரூஸ் கப்பல் என்கிறோமே, அது ஊர் சுற்றிக்காட்டி ஏறிய துறையிலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். போகும் இடம் முக்கியமில்லை, கப்பலில் இருப்பதுதான் முக்கியம். ரஜூலா லைன் கப்பல். நம்மூர் டவுன் பஸ் மாதிரி குறித்த தடத்தில் போய்ப் போய்த் திரும்பும்: சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இப்போதைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர். மேலே கொஞ்சம் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு கேபின்கள் உண்டு. அதில் போனவர்களுக்கு வெள்ளைத் துணி விரித்த மேசை, பரிமாற ஆள் எல்லாம் இருந்தது. அவர்கள் எழுதி வைத்த நினைவுகளைப் படித்துவிட்டுத்தான் சொகுசு என்ற பேச்சு வந்திருக்க வேண்டும். கீழே டெக்கில் போனவர்கள் எழுதி வைக்கவில்லை.

டெக் என்றதும் மொட்டைமாடி மாதிரி வெயிலில் உட்கார்ந்து போனார்கள் என்று நினைக்க வேண்டாம். மேல்தளத்துக்கும் அடிச் சரக்கறைக்கும் நடுவே உள்ள இடைத்தளங்கள்தான் பெரும்பாலும் அவர்கள் இடம். சரக்கு இருந்தால் சரக்கு, ஆள் இருந்தால் ஆள். தலைக்கு இத்தனை சதுர அடி என்று சட்டம் அளந்து கொடுத்திருந்தது, அதற்குள் பாயை விரித்துக்கொள்ள வேண்டும், பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். நாகையிலிருந்து பினாங்கு சுமார் 1,250 கடல் மைல். மணிக்குப் பன்னிரண்டு மைல் வேகத்தில் நான்கு நாளும் சில மணி நேரமும் ஆகும். கடல் கலங்கினால் ஐந்து. நான்கு நாள் என்பது குறைவாகத் தெரியும். காற்றுப் போகப் புகைபோக்கி மாதிரி துணிக்குழாய் தொங்கவிட்ட இரும்பறையில், என்ஜின் சூடும் பிறர் வாந்தி நாற்றமுமாக நான்கு நாள் என்பது வேறு. கப்பலில் வேலை பார்த்த எனக்கே முதல் வாரம் சோறு இறங்கவில்லை.

சமையலுக்குப் பண்டாரி, கப்பலாட்களுக்கு மேஸ்திரியாகச் சாரங்கு, அவருக்குக் கீழே டிண்டல், பிறகு கலாசிகள் என்ற சாதாரண மாலுமிகள். இந்தச் சொற்களெல்லாம் பி.ஐ. கப்பல்களில் அன்றாடம் புழங்கியவை. அக்கரைக்குப் போய் இறங்கியதும் வேலைக்குப் போய்விட முடியாது. அம்மை, காலரா பயத்தில் டெக் பயணிகளைத் தனியாகப் பிரித்து வைப்பார்கள். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவு, சிங்கப்பூருக்குத் தெற்கே செயின்ட் ஜான்ஸ் தீவு. கேபினில் வந்தவர் நேரே ஊருக்குள் போய்விடலாம். உங்கள் தாத்தா 'தீவில் இருந்தேன்' என்று எப்போதாவது சொல்லியிருந்தால் அது இதுதான், ஜெயில் இல்லை.

நாகையில் ஏறுவது அதைவிடப் பெரிய காரியம். இங்கே கப்பல் துறையில் வந்து அணைந்ததே இல்லை. கடுவையாறு காவிரியின் கடைசி விரல்களில் ஒன்று. அது கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் நமக்குச் சோறு போட்டது, அதே வண்டல்தான் முகத்துவாரத்தில் மேடு தட்டிப் பெரிய கப்பலை உள்ளே விடாமல் தடுத்தது. எனவே ரஜூலா கடலுக்குள் மைல் கணக்கில் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்கள் தோணியில் போய், அலையோடு தோணி எழும்புகிற நொடி பார்த்து ஏணிக்குத் தாவ வேண்டும். சித்தப்பா சொல்வார்: "தோணியில ஏறும்போது எல்லாரும் முருகா, ஆண்டவரேன்னு கூப்பிடுவான். ஏணியில கால் வச்சதும் ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான். பாத்தா தலை சுத்தும்." குழந்தைகளைக் கூடையில் வைத்துத் தூக்குவார்கள் என்றும் சொல்வார். இது அவர் வாய்ச்சொல், இதற்குக் காகிதச் சான்று என்னிடம் இல்லை. ஆனால் திறந்த கடலில் நங்கூரமிட்டு ஆளேற்றும் துறைகள் பலவற்றில் இப்படி நடந்திருக்கிறது, நம்பாமல் இருக்கக் காரணமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடை கிளம்பிவிட்டால் தோணி போகாது. மூட்டை முடிச்சோடு சத்திரத்தில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இத்தனை இடைஞ்சலோடு ஏன் நாகை? ரயில். 1861-லேயே தஞ்சாவூரையும் நாகப்பட்டினத்தையும் ரயில் இணைத்துவிட்டது, அடுத்த வருடம் திருச்சி வரை. தென்னிந்திய ரயில்வேக்கு முன்னோடியான கம்பெனிக்கு நாகைதான் தலைமையிடம். ரயில்வே பட்டறையும் இங்கேதான் இருந்தது, ரஜூலா பிறந்த அதே காலகட்டத்தில்தான் அது பொன்மலைக்குப் போனது. திருச்சி, தஞ்சை, சேலம் மாவட்டக் கிராமங்களிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணிகளுக்கு நாகை கைக்கெட்டிய வாசல். ஆட்களைத் தங்க வைத்துச் சோதித்து அனுப்பக் குடியேற்ற முகாம் ஒன்று ஆவடியில், இன்னொன்று நாகையில். 1938-ல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர்களை உதவித்தொகை கொடுத்து அனுப்புவதைத் தடுத்துவிட்டது. அதன் பிறகு போனவர்கள் பெரும்பாலும் சொந்தச் செலவில், சொந்தபந்தம் பிடித்துப் போனவர்கள். உங்கள் தாத்தா எந்த வருடம் போனார் என்பதைப் பொறுத்து அவர் பயணத்தின் தன்மையே மாறும்.

தோட்டத் தொழிலாளர்கள் மட்டும் போகவில்லை. வட்டிக்கடை நடத்திய நகரத்தார், நாகூர், காரைக்கால் பக்கத்து மரைக்காயர்கள், கூத்தாநல்லூர் வணிகர்கள் எல்லாரும் இந்தத் தடத்தை நம்பியவர்கள்தான். கடல் கடந்து பயணம் போவதைச் சபுர் போவது என்பார்கள், போனவர் சபுராளி. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்குப் போனபோது கப்பலேறியதும் நாகையில்தான். கப்பல் கிழக்காகத் திரும்பும்போது நாகூர் தர்காவின் 131 அடிப் பெரிய மினாராதான் கடைசியாகக் கண்ணில் நிற்கும் என்று திரும்பி வந்தவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்த கோபுரம் அது. அக்கரையில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்காக்கள் இருக்கின்றன. அவை ரஜூலாவுக்கு நூறு வருடம் மூத்தவை. அதாவது கப்பல் வந்துதான் தடம் உண்டானது என்றில்லை. பாய்மரக் காலத்திலேயே இருந்த தடத்தில் கடைசியாக வந்து ஓடியவற்றில் ஒன்றுதான் ரஜூலா.

ரஜூலாவுக்கு ஓர் உடன்பிறப்பு இருந்தது. ரோனா என்று பெயர். அதே 1926-ல் இங்கிலாந்தில் ஹாதார்ன் லெஸ்லி தளத்தில் கட்டியது, அதுவும் சென்னை, நாகை, சிங்கப்பூர்த் தடத்துக்காகவே. இரண்டாம் உலகப் போரில் இரண்டையும் படைவீரர்களை ஏற்றப் பிடித்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ரோனாவை ஜெர்மன் விமானம் ஒன்று ரேடியோவால் வழிநடத்தும் குண்டு போட்டு மூழ்கடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள், நம் நாட்டு மாலுமிகளும் ஏராளமானோர். அமெரிக்க அரசு இந்த விஷயத்தைப் பல ஆண்டுகள் வெளியே விடவில்லை. அன்றைக்கு அதே கான்வாயில் (போர்க்கப்பல் காவலோடு கூட்டமாகப் போகும் கப்பல் அணி) சற்றுத் தள்ளி ரஜூலாவும் போய்க்கொண்டிருந்தது, தப்பியது. "போரில் குண்டு விழுந்து மூழ்கிய மலாயாக் கப்பல்" என்று யாராவது சொன்னால் அது ரோனா. அது ரஜூலா தலையில் ஏற்றப்பட்ட முதல் பொய்க் கணக்கு.

போர் முடிந்து திரும்பி வந்த ரஜூலா மறுபடி பழைய தடத்திலேயே இன்னும் கால் நூற்றாண்டு ஓடியது. மொத்தம் 47 வருடம். சாதாரணமாக ஒரு கப்பலுக்கு இருபத்தைந்து, முப்பது வருடம் ஆயுள். இது எப்படித் தாங்கியது என்று கேட்பீர்கள். என்ஜின்காரனாக என் அபிப்பிராயம்: தண்டு மேலும் கீழும் ஓடுகிற பழைய நீராவி என்ஜின், மெதுவான ஓட்டம். அதிக வேகம் கேட்டால்தான் இரும்பு களைக்கும். உடம்பெல்லாம் ஆணி அடித்துச் சேர்த்த தகடு, கெட்டுப்போன தகட்டைக் கழற்றி மாற்றலாம். எப்போது வந்தாலும் கப்பல் நிறைய ஆள் இருந்ததால் கம்பெனிக்கும் அதைக் கழித்துக்கட்ட மனம் வரவில்லை.

கடைசி வருடங்களில் ஆள் போக்கின் திசை மாறியது. 1969-க்குப் பிறகு மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. தோட்டங்களில் இரண்டு தலைமுறை வேலை பார்த்தும் குடியுரிமைத் தாள் எடுக்காமல் விட்ட தமிழர்கள் ஏராளம். அவர்கள் பிள்ளைகுட்டியோடு இந்தக் கப்பல்களில் திரும்பினார்கள். நான் கரையில் நின்று பார்த்தது இந்தக் காலத்தைத்தான். தோணியிலிருந்து இறங்கியவர்கள் கையில் தையல் மெஷின், சைக்கிள், மடக்குக் குடை, கோடாலித் தைலம் வைத்த பிஸ்கட் டின். எங்கள் தெருவுக்கு அப்படி வந்த ஒரு குடும்பத்தின் பையன் என் வகுப்பில் சேர்ந்தான். அவனுக்குத் தமிழ் நன்றாக வரும், ஆனால் வயலில் இறங்கத் தெரியாது. ஊர் அவனை மலாயாக்காரன் என்றே கடைசிவரை கூப்பிட்டது. அங்கே இருந்தபோது அவன் குடும்பத்தை இந்தியாக்காரர்கள் என்றார்களாம்.

1973-ல் ரஜூலாவை இந்திய அரசின் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. அந்தமானில் உள்ள ஓர் ஊரின் பெயர். அந்தப் பெயரில் அது நெடுநாள் வாழவில்லை. மறுவருடம் பம்பாயில் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். பெயர் மாறியதால்தான் பலருக்கு அதன் முடிவு தெரியாமல் போனது. ரஜூலா என்று தேடினால் 1973-ல் தடம் நின்றுவிடும். ஆலங் கதை எப்படி வந்திருக்கும் என்பதும் ஊகிக்கக்கூடியதே. இன்று கப்பல் உடைப்பது என்றாலே ஆலங் ஞாபகம்தான் வரும். ஆனால் ஆலங்கில் கப்பல் உடைக்கத் தொடங்கியதே 1983-ல். அதற்கு ஒன்பது வருடம் முன்பே ரஜூலா இரும்புக் கம்பியாகியிருந்தது. போய்ப் பார்க்க எதுவும் இல்லை. உடைத்த கப்பலின் தகடு உருட்டாலைக்குப் போய்க் கட்டடக் கம்பியாக வரும். பித்தளை, தேக்கு, பாத்திரபண்டம் பழைய சாமான் கடைக்குப் போகும். "இது ரஜூலா கப்பல் மணி" என்று யாராவது விற்க வந்தால், பி.ஐ. கம்பெனிப் பொறிப்பும் வருடமும் இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பெயர் மட்டும் செதுக்கிய மணியை யார் வேண்டுமானாலும் வார்க்கலாம்.

இனி எரிந்த கப்பல். பிரெஞ்சுக்காரர்கள் தென் அமெரிக்கத் தடத்துக்காக 1966-ல் டன்கர்க்கில் கட்டிய 'பாஸ்டர்' என்ற டீசல் கப்பலை 1972-ல் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி எம்.வி. சிதம்பரம் என்று பெயர் வைத்தது. கிட்டத்தட்ட 18,000 டன், ரஜூலாவைப் போல் இரண்டு மடங்கு. சொகுசு என்ற சொல் யாருக்காவது பொருந்துமென்றால் இதற்குத்தான். அதுவும் சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்றே ஓடியது, நாகையில் அதுவும் தூரத்திலேதான் நின்றது. 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்தது, பயணிகள் பலர் இறந்தார்கள். கப்பலைச் சீர்செய்யாமல் பம்பாய்க்குக் கொண்டுபோய் உடைத்தார்கள். அத்தோடு தமிழ்நாட்டிலிருந்து மலேசியா, சிங்கப்பூருக்கு இருந்த பயணிகள் கப்பல் போக்குவரத்தே முடிந்தது. விபத்து இல்லாவிட்டாலும் இன்னும் சில வருடத்தில் விமானம் அதை முடித்திருக்கும் என்பது என் எண்ணம், நிரூபிக்க முடியாது. இதில் இன்னொரு குழப்பம்: இணையத்தில் சிதம்பரத்தின் படம் என்று சிலர் போடுவது 1938-ல் கட்டிய வேறொரு பாஸ்டரின் படம். அது பிறகு ஜெர்மன்காரர்களிடம் 'பிரெமன்' ஆகி, 1980-ல் உடைக்க இழுத்துப்போகும் வழியில் இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய கப்பல். படத்தில் நடுவே ஒரே ஒரு மிகப்பெரிய புகைபோக்கி கோபுரம் மாதிரி நின்றால் அது பழையது.

நாகையிலிருந்து மறுபடி பயணிகள் கப்பல் என்று 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்கு விட்டார்களே, அதையும் ரஜூலாவையும் ஒப்பிட்டுச் சிலர் எழுதுகிறார்கள். அது சில மணி நேரம் ஓடும் சின்னப் படகு. அளவில் ஒப்பிட ஒன்றுமில்லை. ஆனால் அது துறைக்குள் வந்து நிற்கிறது, ஆட்கள் நடந்தே ஏறுகிறார்கள். என் சித்தப்பா இருந்திருந்தால் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பார்.

உங்கள் தாத்தா எந்தக் கப்பலில் போனார் என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, உங்கள் வீட்டுப் பெட்டிதான் சொல்லும். பழைய பாஸ்போர்ட்டோ அடையாளச் சீட்டோ இருந்தால் நாகப்பட்டினம் குடிநுழைவு முத்திரையின் தேதியைப் பாருங்கள். 1973-க்குப் பிந்திய தேதி என்றால் ரஜூலாவாக இருக்க வழியில்லை. அதற்கு முந்தியதென்றாலும் ரஜூலாதான் என்று சொல்லிவிட முடியாது, 'ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்' என்று நம் அரசுக் கப்பல் ஒன்றும் அதே தடத்தில் ஓடியது. தேதி கிடைத்ததும் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் போட்டிருக்கும் பழைய நாளிதழ்களில் அந்த வாரத்தைத் திறந்து, கப்பல் வருகை அறிவிப்பைப் பாருங்கள். தமிழ் முரசும் அதில் இருக்கிறது. டெக் பயணிகளின் பெயர் அதில் வராது, கப்பலின் பெயர் வரும். முத்திரை மங்கியிருந்தால் வெயிலில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள், படித்துச் சொல்ல முயல்கிறேன்.